அடுப்பு மூட்டாத பிறந்தநாள் விருந்து
தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து தரக்கூடிய எளிய தின்பண்டங்கள்

பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் முன்பெல்லாம் முதல் நாளே எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். முறுக்கு, வடை, கேசரி என்று வீடே மணக்கும். இப்போது அதிக நேரம் நிற்க முழங்கால் இடம் தருவதில்லை. கையில் லேசான நடுக்கம் இருக்கலாம், பார்வையும் முன்போல் இல்லாமல் இருக்கலாம். “உங்களுக்கு ஏன் சிரமம்? எல்லாவற்றையும் வெளியில் வாங்கிக்கொள்ளலாம்” என்று பிள்ளைகள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும், பேரப்பிள்ளைக்குத் தம் கையால் ஒன்றும் செய்து கொடுக்க முடியவில்லையே என்ற குறை பலருக்கு மனத்தில் இருக்கிறது.

அந்தக் குறை வேண்டாம். அடுப்பைப் பற்றவைக்காமலேயே குழந்தைகள் விரும்பும் பண்டங்களைச் செய்ய முடியும். அவற்றில் சர்க்கரையும் எண்ணெயும் எவ்வளவு என்பது உங்கள் கையில் இருக்கும். அதே சமயம், சமைக்காத உணவுக்கென்று சில கவனங்களும் உண்டு. இரண்டையும் இந்தக் கையேடு விளக்குகிறது.

அடுப்பில்லாமல் செய்வதால் என்ன நன்மை?

• கொதிக்கும் எண்ணெயோ தீயோ இல்லை. தீக்காயம் ஏற்படும் ஆபத்து உங்களுக்கும் இல்லை, சமையலறைக்குள் ஓடி வரும் குழந்தைகளுக்கும் இல்லை.
• பெரும்பாலான வேலைகளை மேசை முன் உட்கார்ந்தே செய்யலாம். 
• குழந்தைகள் உடன் சேர்ந்து செய்யலாம். தானே உருட்டிய உருண்டையையும் தானே அடுக்கிய பழத்தையும் குழந்தை ஆசையோடு சாப்பிடும். காய்கறி, பழம் என்றால் முகம் சுளிக்கும் பிள்ளையும் சுவைத்துப் பார்க்கும்.
• பழங்களின் இயற்கையான இனிப்பே போதும் என்பதால் சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை.

நெருப்பு செய்யும் வேலையை நாம் செய்ய வேண்டும்

சமைக்கும்போது உணவில் உள்ள கிருமிகள் பலவற்றைச் சூடு கொன்றுவிடுகிறது. சமைக்காத உணவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கையிலோ கத்தியிலோ பழத்தோலிலோ உள்ள கிருமி நேராகக் குழந்தையின் வயிற்றுக்குள் போகும். ஆகவே நெருப்பு செய்யும் வேலையை நம் சுத்தமும் குளிர்ச்சியும் செய்ய வேண்டும்.

கை: வேலையைத் தொடங்குமுன் சவர்க்காரம் போட்டுக் கைகளைக் கழுவுங்கள். கழிவறைக்குச் சென்று வந்த பிறகும், மூக்கைத் துடைத்த பிறகும், பச்சை இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றைத் தொட்ட பிறகும் மீண்டும் கழுவுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அதற்குப் பிளாஸ்திரி ஒட்டி, மேலே கையுறை அணியுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ உள்ளவர்கள் அன்று உணவு தயாரிக்கும் பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

கத்தியும் பலகையும்: கோழியும் மீனும் வெட்டும் பலகையில் பழத்தை வெட்டாதீர்கள். பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் தனிப் பலகை, தனிக் கத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

பழத்தோல்: தர்பூசணி, பப்பாளி, மாம்பழம் போன்றவற்றின் தோலை நாம் தின்பதில்லை. அதனால் கழுவாமலே வெட்டிவிடுகிறோம். ஆனால் தோலில் உள்ள அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டு போய்விடும். எந்தப் பழமானாலும் ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே வெட்டுங்கள்.

குளிர்ச்சி: 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சிங்கப்பூரின் பகல் வெப்பம் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. வெட்டிய பழம், தயிர், பாலாடைக்கட்டி, சாண்ட்விச் ஆகியவை பரிமாறும் வரை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். மேசையில் வைத்த பிறகு 2 மணி நேரத்திற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்திலோ பூங்காவிலோ விருந்து நடந்தால், பனிக்கட்டி போட்ட குளிர்காப்புப் பெட்டியில் உணவை எடுத்துச் செல்லுங்கள்.

முட்டை: பச்சை முட்டை சேரும் பண்டங்களைக் குழந்தைகளுக்காக வீட்டில் செய்ய வேண்டாம். அடுப்பில்லாமல் செய்யும் சில கிரீம் இனிப்புகளிலும் வீட்டில் அடிக்கும் மயோனைசிலும் பச்சை முட்டை சேர்க்கப்படுகிறது.

ஐந்து எளிய பண்டங்கள்

கீழே உள்ள அளவுகள் ஏறக்குறைய 10 குழந்தைகளுக்குப் போதும்.

1. தர்பூசணி ‘கேக்’

தேவை: நடுத்தர அளவில் விதையில்லாத தர்பூசணி 1, பப்பாளி, கிவி, டிராகன் பழம் சிறிதளவு.

செய்முறை: கழுவிய தர்பூசணியின் இரு முனைகளையும் சமமாக வெட்டி எடுத்து, பழத்தை நிமிர்த்தி வையுங்கள். மேலிருந்து கீழாகத் தோலைச் சீவினால் சிவப்பு நிறத்தில் உருண்டையான ‘கேக்’ கிடைக்கும். மேலே கசியும் நீரைச் சுத்தமான சமையலறைத் தாளால் ஒற்றி எடுங்கள். மற்ற பழங்களை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மேலேயும் சுற்றிலும் அலங்கரியுங்கள். நடுவில் மெழுகுவத்தியைக் குத்தி வைக்கலாம்.

கவனிக்க: முழுத் தர்பூசணியை வெட்டுவது கைக்குப் பலம் வேண்டிய வேலை. அந்த முதல் வெட்டை மட்டும் வீட்டில் இளையவர் ஒருவரிடம் கொடுங்கள். கடையில் கேக் வாங்கியே ஆக வேண்டும் என்று பேரப்பிள்ளை அடம்பிடித்தால், சிறிய கேக் ஒன்றை வாங்கி ஆளுக்கு ஒரு சிறு துண்டு கொடுத்துவிட்டு, அருகிலேயே இதையும் வையுங்கள்.

2. பொட்டுக்கடலை பேரீச்சை உருண்டை

தேவை: விதை நீக்கிய பேரீச்சம்பழம் 15, பொட்டுக்கடலை 1 கோப்பை, ஏலக்காய் 2, இனிப்புச் சேர்க்காத உலர்ந்த தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி.

செய்முறை: பொட்டுக்கடலையையும் ஏலக்காய் விதைகளையும் மிக்சியில் நைசாகப் பொடியுங்கள். பேரீச்சம்பழத்தைப் பிளந்து, உள்ளே விதைத் துண்டு ஏதும் இல்லை என்பதைப் பார்த்த பிறகு, பொடியாக நறுக்கி அதே மிக்சியில் சேர்த்து அரையுங்கள். கலவை உதிரியாக இருந்தால் ஓரிரு தேக்கரண்டி கொதித்து ஆறிய நீரைத் தெளித்துப் பிசையுங்கள். சிறு நெல்லிக்காய் அளவில் உருட்டி, தேங்காய்த் துருவலில் புரட்டி எடுங்கள்.

இதில் சர்க்கரையும் இல்லை, நெய்யும் இல்லை. ஆனாலும் பேரீச்சம்பழத்திலேயே இனிப்பு அதிகம் என்பதால் ஒரு குழந்தைக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் முதல் நாளே செய்துவிடலாம். 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உருண்டையாகக் கொடுக்காமல், உதிர்த்தோ தட்டையாக்கிச் சிறு துண்டுகளாக்கியோ கொடுங்கள்.

3. வேகவைக்காத சுண்டல்

தேவை: டின்னில் அடைத்த கொண்டைக்கடலை 1 டின், துருவிய கேரட் 1, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய் பாதி, அரைப்பழமான மாங்காய் பாதி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, கொத்தமல்லித் தழை சிறிதளவு.

செய்முறை: டின்னில் உள்ள நீரை வடித்துவிட்டு, கடலையை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். டின் உணவில் சேர்க்கப்பட்ட உப்பின் ஒரு பகுதி இதனால் போய்விடும். மாங்காயைப் பொடியாக நறுக்கி, மற்ற எல்லாவற்றுடனும் சேர்த்துக் கலக்குங்கள். சுவைத்துப் பார்த்த பிறகே உப்புத் தேவையா என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது. தாளிக்கவும் வேண்டாம். மாங்காயின் புளிப்பும் எலுமிச்சையும் போதிய சுவை தரும். சிறு கிண்ணங்களில் பிரித்து வைத்தால் குழந்தைகள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கடலையை மசித்துக் கொடுங்கள்.

4. நட்சத்திர சாண்ட்விச்

தேவை: முழுத்தானிய ரொட்டி 12 துண்டு, கெட்டித் தயிர் 5 மேசைக்கரண்டி, துருவிய கேரட் 1, துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய் பாதி, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை.

செய்முறை: தயிரைச் சுத்தமான மெல்லிய துணியில் கட்டி, ஒரு கிண்ணத்தின் மேல் வடிகட்டியில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் சில மணி நேரம் விடுங்கள். நீர் வடிந்து, வெண்ணெய் போல் தடவும் பதத்திற்கு வந்துவிடும். அதில் கேரட், வெள்ளரிக்காய், மிளகுத்தூள் கலந்து இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே தடவுங்கள். பிஸ்கட் அச்சு இருந்தால் நட்சத்திரம், பூ என்று வெட்டலாம். அச்சு இல்லாவிட்டால் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அழுத்தினால் அழகான வட்டம் கிடைக்கும். வெட்டி அழுத்தும் வேலையைப் பேரப்பிள்ளையிடமே கொடுங்கள்.

5. அவல் தயிர்க் கோப்பை

தேவை: மெல்லிய அவல் 1 கோப்பை, இனிப்புச் சேர்க்காத தயிர் 3 கோப்பை, நன்கு பழுத்த வாழைப்பழம் 3, மாம்பழம் 1.

செய்முறை: அவலைச் சல்லடையில் போட்டுக் குடிநீரில் அலசி, 5 நிமிடம் ஊறவிடுங்கள். வாழைப்பழத்தை மசித்துத் தயிருடன் கலக்குங்கள். இனிப்பு அதிலேயே வந்துவிடும். சிறு கோப்பைகளில் ஓர் அடுக்கு அவல், ஓர் அடுக்கு தயிர், மேலே மாம்பழத் துண்டுகள் என்று நிரப்பி, பரிமாறும் வரை குளிரில் வையுங்கள். இனிப்புக்காகத் தேன் சேர்க்கும் பழக்கம் இருந்தால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனைத் துளிகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, அந்த வயதுக் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கலாம்.

குடிப்பதற்கு என்ன கொடுக்கலாம்?

பிறந்தநாள் விருந்தில் சர்க்கரை அதிகமாக உள்ளே போவது பெரும்பாலும் பானங்கள் வழியாகத்தான். கேக் ஒரு துண்டோடு நின்றுவிடும். பானத்தை ஓடியாடி விளையாடும் குழந்தை இரண்டு, மூன்று முறை வந்து கேட்டுக் குடிக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள பானத்தை 250 மில்லிலிட்டர் குடித்தால் 25 கிராம் சர்க்கரை சேரும். அது 5 தேக்கரண்டி. சேர்க்கப்படும் சர்க்கரை, பழச்சாறு, தேன் போன்றவற்றின் மூலம் கிடைக்கும் சர்க்கரை, ஒரு நாளில் நமக்குத் தேவைப்படும் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாளொன்றுக்கு 1,300 கலோரி தேவைப்படும் ஒரு குழந்தைக்கு இது ஏறத்தாழ 6 தேக்கரண்டி. ஒரு பானமே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது.

கடையில் வாங்கும்போது பானத்தின் மீதுள்ள ‘நியூட்ரி-கிரேட்’ குறியீட்டைப் பாருங்கள். 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் பொட்டல பானங்களுக்கு இது நடப்பில் உள்ளது. ‘ஏ’ என்பது ஆகக் குறைந்த சர்க்கரையையும் ‘டி’ என்பது ஆக அதிகமான சர்க்கரையையும் காட்டும். ‘சி’, ‘டி’ தரப் பானங்களில் இந்தக் குறியீடு கட்டாயம் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்வதானால்:

• வெள்ளரி, எலுமிச்சை வில்லைகளும் புதினாவும் போட்ட குளிர்ந்த நீர்
• அதிக உப்பில்லாத நீர்மோர்
• வாழைப்பழம் சேர்த்து அடித்த பால் (சர்க்கரை வேண்டாம்)

ரோஸ் சிரப் கலந்த பண்டோங் இல்லாமல் விருந்தா என்று தோன்றினால், சிரப்பை வழக்கமான அளவில் பாதியாகக் குறைத்து, சிறிய டம்ளரில் ஒரு முறை மட்டும் கொடுங்கள்.

தொண்டையில் சிக்காமல் இருக்க

சின்னக் குழந்தைகளுக்குக் கடைவாய்ப் பற்கள் முழுமையாக இருக்காது. மூச்சுக்குழாயும் குறுகலானது. உருண்டையாக, வழுக்கலாக, கெட்டியாக இருக்கும் உணவு அதை அப்படியே அடைத்துவிடும். குறிப்பாக 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு:

• திராட்சை, சின்னத் தக்காளி: நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டிய வட்டத் துண்டும் அடைத்துக்கொள்ளும்.
• லோங்கான், ரம்புத்தான்: விதையை நீக்கி, சதையைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.
• சாசேஜ், மீன் உருண்டை: வெளியில் வாங்கி வைத்தாலும் நீளவாக்கில் மெல்லியதாக வெட்டுங்கள்.
• பச்சைக் கேரட், ஆப்பிள்: துருவிக் கொடுங்கள்.
• முழு வேர்க்கடலை, முந்திரி, பாப்கார்ன், கடலை மிட்டாய், கெட்டி மிட்டாய், மார்ஷ்மெல்லோ: கொடுக்க வேண்டாம்.

குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடட்டும். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ சாப்பிடும்போதும், வாயில் உணவோடு சிரிக்கும்போதும் உணவு மூச்சுக்குழாயில் போய்விடலாம். கூர்மையான பல்குத்தியில் பழத்தைக் குத்தி வைக்காதீர்கள். உடைந்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கி எறியுங்கள். அவற்றை வாயில் போட்டாலும் மூச்சு அடைக்கும்.

புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவதும், தண்ணீர் குடிக்கச் சொல்வதும் நம் பழக்கம். தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டபோது இவை உதவா. குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். அருகிலேயே இருந்து கவனியுங்கள். பேசவோ அழவோ மூச்சுவிடவோ முடியாமல் போனால், உடனே உதவிக்குக் குரல் கொடுத்து, 995 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். முதலுதவி தெரிந்தவர் உடனடியாகத் தொடங்க வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். அடைப்பு இன்னும் உள்ளே தள்ளப்படலாம். பேரப்பிள்ளையைப் பகலில் நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், அடிப்படை முதலுதவி வகுப்பு ஒன்றில் சேருவது நல்லது.

விருந்தினர் பிள்ளைகளுக்கு எது ஆகாது?

“கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது” என்று சொல்லி அன்போடு ஊட்டிவிடுவது நம் இயல்பு. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தக் ‘கொஞ்சமே’ ஆபத்தாகலாம். வேர்க்கடலை, பிற கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, எள், மீன், இறால், நண்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சில குழந்தைகளுக்கு ஆகாது. அழைக்கும்போதே பெற்றோரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். பேரப்பிள்ளையின் பாலர் பள்ளிக்குப் பண்டம் கொடுத்தனுப்புவதானால், அங்கு எவற்றுக்கு அனுமதி என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

சாப்பிட்ட சற்று நேரத்தில் உடலில் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், தொடர்ந்து வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 995ஐ அழையுங்கள்.

நம் அண்டை வீட்டுப் பிள்ளைகளின் வழக்கத்தையும் மறக்க வேண்டாம். கடையில் வாங்கும் ஜெல்லி மிட்டாய்களிலும் மார்ஷ்மெல்லோவிலும் பொதுவாக ஜெலட்டின் இருக்கும். அது மாடு, பன்றி போன்ற விலங்குகளிலிருந்து எடுக்கப்படுவது. முஸ்லிம் குழந்தைகளுக்கும், சைவம் சாப்பிடுவோருக்கும், மாட்டிறைச்சி உண்ணாத நம் பிள்ளைகள் பலருக்கும் அது ஒத்துவராது. வாங்குமுன் சேர்பொருள் பட்டியலையும் ஹலால் சின்னத்தையும் பாருங்கள். மேலே சொன்ன ஐந்து பண்டங்களிலும் இறைச்சியோ முட்டையோ ஜெலட்டினோ நாம் சேர்ப்பதில்லை. ரொட்டி, தயிர் போன்றவற்றை வாங்கும்போது மட்டும் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒவ்வாமை இல்லாத எல்லாக் குழந்தைகளும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடலாம்.

எதை எப்போது செய்வது?

முதல் நாள்: பொருட்களை வாங்குங்கள். பேரீச்சை உருண்டைகளைச் செய்து குளிரில் வையுங்கள். தயிரைத் துணியில் கட்டி வடியவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இடம் ஒதுக்குங்கள்.

அன்று காலை: பழங்களைக் கழுவித் துடையுங்கள். சுண்டல் கலந்து மூடி வையுங்கள். பாத்திரம், கரண்டி எடுத்து வையுங்கள். பிறகு சற்று ஓய்வெடுங்கள்.

விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு: சாண்ட்விச் தயாரியுங்கள், தயிர்க் கோப்பைகளை நிரப்புங்கள். குழந்தைகள் உதவக்கூடிய நேரம் இதுதான். கடைசியாகத் தர்பூசணியை வெட்டி அலங்கரியுங்கள்.

குழந்தைகள் வீடு திரும்பும்போது கொடுக்கும் பரிசுப் பையில் மிட்டாய்க்குப் பதிலாக வண்ணப் பென்சில், ஒட்டுப்படம், சிறு புத்தகம் வைக்கலாம்.

மிச்சமும் உங்கள் உடல்நலமும்

விருந்து முடிந்ததும், “வீணாகப் போகிறதே” என்று மிச்சத்தைத் தாத்தாவும் பாட்டியும் சாப்பிடுவது பல வீடுகளில் நடப்பதுதான். உங்களுக்கு நீரிழிவு இருந்தால், கேக்கும் இனிப்புப் பானமும் மட்டுமல்ல, அதிகப்படியான பழமும் பேரீச்சை உருண்டையும்கூட இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். உங்கள் பங்கை முதலிலேயே ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்து, எல்லாருடனும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். வேலை மும்முரத்தில் வழக்கமான உணவையும் மருந்தையும் தவறவிடாதீர்கள். 2 மணி நேரத்திற்கு மேல் மேசையில் இருந்த தயிர், சாண்ட்விச், வெட்டிய பழம் ஆகியவற்றை எடுத்து வைக்காமல் எறிந்துவிடுங்கள். மிச்சமாகாமல் இருக்க, முதலில் பாதியை மட்டும் மேசையில் வைத்து, தீரத்தீர எடுத்து வையுங்கள். குளிரிலேயே இருந்த மீதிப் பாதியை மறுநாள் சாப்பிடலாம்.

குழந்தைப் பருவத்தில் பழகும் சுவை பெரும்பாலும் வளர்ந்த பிறகும் தொடர்கிறது. பிறந்தநாள் என்றால் பாட்டியோடு உட்கார்ந்து உருண்டை பிடிப்பதும், தாத்தா வெட்டித் தரும் பழத்தை நட்சத்திரமாக அடுக்குவதும்தான் என்று உங்கள் பேரப்பிள்ளைக்குப் பழகட்டும். அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைக்க உங்களால் முடியும். அடுத்த பிறந்தநாளுக்கு இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்.

உங்கள் வீட்டுச் செல்வத்துக்கு எங்கள் பிறந்தநாள் வாழ்த்துகள்!